கட்டடம் கேட்டீர்கள் சரி, நர்சம்மாவை யார் கேட்பது?

மறுபடியும் அதே பதில்தான். "உறுப்பினரின் கோரிக்கை நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்." சட்டமன்றக் கேள்வி நேரத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பதில் சொன்ன அமைச்சரைவிட, கேள்வி கேட்ட உறுப்பினர் மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

எழுந்தார். பேரவைத் தலைவருக்கு வணக்கம். முதல்வருக்கு நன்றி. கட்சித் தலைமைக்கு நன்றி. வாக்களித்த தொகுதி மக்களுக்கு நன்றி. தொகுதியில் இருக்கும் கோயிலின் பெருமை, ஏரியின் பெருமை, போன வருடம் திறந்த பாலத்தின் பெருமை. "கேள்விக்கு வாங்க" என்றார் தலைவர். "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மாவட்டப் பொறுப்பு அமைச்சருக்கு ஒரு நன்றி. அது முடிந்து ஒருவழியாகக் கேட்டார்: எங்கள் தொகுதியில் உள்ள துணை சுகாதார நிலையத்தை ஆரம்ப சுகாதார நிலையமாகத் தரம் உயர்த்த அரசு முன்வருமா?

அமைச்சர் தாளைப் பார்த்து வாசித்தார். ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க சமவெளியில் 30,000 மக்கள்தொகை வேண்டும், பக்கத்திலேயே இன்னொரு நிலையம் இருக்கிறது, விதிமுறைப்படி வாய்ப்பில்லை. சரி. துணைக் கேள்விக்கு வாய்ப்பு கிடைத்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போதாவது கேட்பார், அந்த ஊர் நர்ஸ் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்று கேட்பார், இப்போது அங்கே யார் போகிறார் என்று கேட்பார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரம் உயர்த்த முடியாவிட்டாலும் புதுக் கட்டடமாவது கட்டித்தர அரசு ஆவன செய்யுமா என்று கேட்டார். நிதிநிலைக்கு ஏற்ப என்றார் அமைச்சர். மறுபடியும் ஒரு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரைத் தொடர்ந்து அடுத்தடுத்து எழுந்தவர்களில் ஒருவருக்கு ஸ்கேன் மெஷின் வேண்டும், ஒருவருக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், ஒருவருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்.

அந்தக் கட்டடத்துக்குள் மனுஷி இருக்கிறாரா என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை!

எங்கள் ஊரில் சப் சென்டர், அதாவது துணை சுகாதார நிலையம், இருக்கிறது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது. டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், பெயர்ப் பலகை இருக்கிறது, யார் திறந்துவைத்தார் என்ற கல்வெட்டும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் மட்டும் இல்லை. பக்கத்து ஊர் நர்சம்மாதான் கூடுதல் பொறுப்பில் எங்களையும் பார்க்கிறார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு செவிலியர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. கூடுதல் பொறுப்பு என்று ஒற்றை வரியில் உத்தரவு போட்டால் அந்தக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். சம்பளம் இரண்டு மடங்காகாது, ஒரு நாளைக்கு இருக்கும் மணி நேரமும் கூடாது.

அவர் வேலை என்னவென்று தெரியுமா அந்த உறுப்பினர்களுக்கு? கர்ப்பம் உறுதியானதும் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வேண்டும். பிரஷர் பார்க்க வேண்டும், ரத்த அளவு பார்க்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டார்களா என்று அடுத்த முறை வந்து விசாரிக்கவும் வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாயையும் பிள்ளையையும் போய்ப் பார்க்க வேண்டும். காய்ச்சல் பரவினால் அதற்கும் அவர்தான். இத்தனையும் முடிந்த பிறகு கர்ப்பப் பதிவுக்கான பிக்மி இணையதளத்தில் ஏற்ற வேண்டும், தடுப்பூசிப் பதிவுக்கான யூ-வின்னில் ஏற்ற வேண்டும், நோட்டிலும் எழுத வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டியவரை சிக்னல் தேடி மொட்டை மாடியில் நிற்கவைத்தது யார்? இதைக் கேட்க அவையில் ஆள் இல்லையே!

என் தங்கை வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதிவெல்லாம் மாமியார் ஊரில். அந்தப் பதிவு எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கே சிக்கல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாயும் அந்தப் பதிவை நம்பித்தான் இருக்கிறது. இந்த ஊரில் யாரிடம் மாற்றிக்கொள்வது? சப் சென்டர் பூட்டிக் கிடந்தது. போன் போட்டால், "அக்கா, இன்னைக்கு நான் அந்த ஊரு முகாம்ல இருக்கேன், நாளைக்கு மீட்டிங், நாளைன்னைக்கு வரட்டுமா?" என்றார் அந்த நர்சம்மா. குரலில் அழுகை இருந்தது. அவரை நான் எப்படித் திட்டுவேன்? நாளைன்னைக்கும் அவரால் வர முடியவில்லை, வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். தங்கைக்குக் கால் வீங்கியிருந்தது. பிரஷர் பார்க்க ஆள் இல்லாமல் ஆட்டோ பிடித்து நகரத்துக்குப் போனோம். ஐந்து நிமிட வேலை! கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கிற வேலை! அதற்கு நிறைமாதக்காரியை மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்குப் பிறகு டைல்ஸ் பளபளப்பை வைத்து நான் என்ன செய்ய?

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கை தட்டுகிறார்கள். இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியும் பகலும் ஆள் இருக்கும்படி மூன்று நர்ஸ்களைப் போட்டதால் வந்தது. வலி எடுப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, "அங்கே போ, பயப்படாதே" என்று சொல்ல ஒரு கிராம நர்ஸ் இருந்ததால் வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் நர்ஸ்களை எப்படி நடத்தினார்கள்? 2015-ல் தேர்வு வைத்து, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில், மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தபோது மறுபடியும் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், கவச உடைக்குள் வேகவைத்தார்கள், 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போதும் என்று அனுப்பினார்கள். ஆட்சி மாறினாலும் இது மாறவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது போராட்டப் பந்தலுக்கு வந்து பக்கத்தில் உட்காருகிறவர்கள், ஆளும் கட்சி வரிசைக்குப் போனதும் நன்றி சொல்லவே நேரம் போதாமல் தவிக்கிறார்கள். எல்லாக் கட்சியையும்தான் சொல்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தவர்கள், அவர் அவையில் என்ன செய்தார் என்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அவர் டாக்டர். 1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று அந்த அவையில் வாதாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியில், பெண்கள் அவைக்குள் நுழைவதே அதிசயமாக இருந்த காலத்தில் கேட்டார். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. இன்றைக்கு மைக், நேரலை, உதவியாளர் எல்லாம் இருந்தும் ஒரு உருப்படியான கேள்வி வரவில்லை என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

என்ன கேட்பது என்று தெரியவில்லையா? என் தொகுதியில் எத்தனை துணை சுகாதார நிலையங்கள், அவற்றில் எத்தனையில் செவிலியர் இல்லை, எந்தத் தேதியிலிருந்து இல்லை, எந்தத் தேதிக்குள் ஆள் வருவார், அதுவரை அங்கே பிரஷர் யார் பார்ப்பார். தேதி கேளுங்கள் ஐயா! தேதியில்லாமல் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் உட்காராதீர்கள், மறுபடியும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள், சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கு வருகின்றன, என் அம்மாவுக்கும் வருகிறது, நல்ல திட்டம். ஆனால் மாத்திரையோடு வீட்டுப்படி ஏறுகிற தன்னார்வலர் பெண்ணின் வேலைக்கு என்ன உத்தரவாதம்? அதையும் அங்கே கேளுங்கள். கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேசுவது போல அவையிலும் பேசினால் இதையெல்லாம் யார்தான் கேட்பது?

அப்புறம், சப் சென்டர் போகிற வழியில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். குழாய் பதித்தாகிவிட்டது, மண்ணை மட்டும் மேலாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்து மொத்தமும் உள்ளே இறங்கிக் கிடக்கிறது. ஊராட்சியில் கேட்டால் ஒப்பந்ததாரர் என்கிறார்கள், ஒப்பந்ததாரர் பில் இன்னும் பாஸ் ஆகவில்லை என்கிறார். நேற்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு விழுந்து முட்டி கிழிந்தது. ஒரு லோடு கிராவல் கொட்ட எந்தத் துறையின் நிதிநிலை தேறி வர வேண்டும், சொல்லுங்கள்!