அந்தக் கேற்றைப் பற்றி இன்னும் ஒருமுறை

மதில் கட்டிய குடியிருப்பில் அடைத்து வைத்திருக்கும் அந்தக் கேற்றடியில், சைக்கிளோடு வந்த ஒரு ஐயாவை வெள்ளிக்கிழமை காவலாளி மறித்தது எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ஆனால் "திறந்துவிட்டால் வீதியெல்லாம் நெரிசலாகும்" என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

காலை ஏழு மணிக்குத் திருகோணமலை நிலாவெளி வீதியில் வந்து நின்று பாருங்கள். உள்ளே அத்தனை ஒழுங்கைகள், வெளியே வர ஒரே வாசல். வலப்பக்கம் திரும்ப ஒரு வான் மூக்கை நீட்டினால் இரண்டு பக்கமும் நிற்கும். ஸ்கூல் வான், ஓட்டோ, மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் எல்லாம் ஹோன் அடிக்கும். அடைத்து வைத்திருப்பதால்தான் இந்த நெரிசலே.

2016 பெப்ரவரியில் சீன அரசு, இனி மதில் கட்டி அடைத்த குடியிருப்புகள் பொதுவாக வேண்டாம், பழையவற்றையும் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்று அறிவித்தது. அங்கேயும் சனம் எதிர்த்தது, காசு கொடுத்து வாங்கிய இடம் என்று. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது.

ஒரு தம்பி பிரேஸ் முரண்பாட்டைக் கொண்டுவந்தார். புதுப் பாதை ஒன்று கிடைத்து எல்லாரும் அதற்குள்ளேயே விழுந்தால் எல்லாருக்குமே நேரம் கூடலாம் என்று 1968 இல் ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் காட்டியது. சரி தம்பி, காரையும் லொறியையும் விடவேண்டாம். நடுவில் இரண்டு கம்பம் நடுங்கள். சைக்கிளும் நடந்து போகிறவர்களும் போகட்டும். அதற்கும் ஏன் மனமில்லை?

பாதுகாப்பாம். கோணேசர் கோயிலுக்கு எந்த வழியால் போகிறோம்? பிரெட்றிக் கோட்டை வாசலால். உள்ளே இராணுவ முகாமே இருக்கிறது. மான்கள் மேய்ந்துகொண்டு நிற்க, சனம் அர்ச்சனைத் தட்டோடு நடந்து போகிறது.

போன மாதம் என் மகள் ரியூசனுக்குச் சுற்றிப் போகும்போது ஒரு பஸ் உரசுகிற மாதிரி வர, சைக்கிளோடு கானுக்குள் இறங்கிவிட்டாள். முழங்காலில் மண்ணும் இரத்தமுமாய் வந்து நின்று "அப்பா, கொப்பி நனைஞ்சிட்டுது" என்றாள். அந்தக் கேற் திறந்திருந்தால் அவள் பெரிய வீதிக்கே வரத் தேவையில்லை.

நாங்கள் போர்க்காலத்தில் இராணுவச் சென்றியில் இறங்கி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டை காட்டி வளர்ந்தவர்கள். "எங்கே போறாய்?" என்ற கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த ஐயாவிடமும் அதைத்தானே கேட்டார்கள்? காவலாளி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறார். மதில் வர முதலே அந்த ஒழுங்கையால் நடந்த மனிசன் அவர். ஒரு பதிலும் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அந்த வெயிலில், பெரிய வீதிக்கு ஏறினார்.