எங்கே கண்டாய்?

எங்களுக்குக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர், எங்கள் ஐயா, மறைந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் அவரைப் பற்றி வந்த பதிவுகளையெல்லாம் படித்தேன். இரங்கல் கூட்டத்திலும் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். "தமிழுக்குப் பேரிழப்பு", "நடமாடும் நூலகம்", "ஈடு செய்ய முடியாத வெற்றிடம்". எல்லாம் அன்போடு சொன்னவைதாம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொற்களை எந்தப் பேராசிரியரின் படத்துக்குக் கீழே எழுதினாலும் பொருந்திவிடும். அதுதான் என்னை உறுத்துகிறது. பதினோரு பேர் பேசினார்கள். அவர் எழுதிய ஒரு வரியை, வகுப்பில் சொன்ன ஒரு விளக்கத்தை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஐயா இருந்திருந்தால் பென்சிலை எடுத்திருப்பார். சிவப்பு மையால் அவர் எங்கள் தாள்களைத் தொட்டதே இல்லை. முதலாம் ஆண்டில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. "சங்கப் புலவர்கள் இயற்கையைப் போற்றினர் என்பது அனைவரும் அறிந்ததே" என்று கம்பீரமாகத் தொடங்கியிருந்தேன். "அனைவரும் அறிந்ததே" என்பதன் அடியில் மெல்லிய கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டே சொல்: "எங்கே கண்டாய்?" எட்டுப் பக்கக் கட்டுரையில் அந்தக் கேள்வி ஒன்பது இடத்தில் இருந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது. இன்று ஒரு வாக்கியம் எழுதினாலும் அந்தப் பொடி எழுத்து ஓரத்தில் வந்து நிற்கிறது.

அவரிடம் நான் பெற்ற பாடங்களில் ஒன்றை மட்டுமாவது இங்கே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். குறுந்தொகையின் 41ஆம் பாட்டு. தலைவன் அருகில் இருந்தால் விழாக் கொண்டாடும் ஊர் போல மகிழ்வேன் என்கிறாள் தலைவி. அவன் பிரிந்துவிட்டால், "மக்கள் போகிய அணிலாடு முன்றில்", அதாவது குடியிருந்தவர்கள் விட்டுப் போக, அணில்கள் ஆடும் முற்றத்தையுடைய தனித்த வீடு போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள். ஐயா இந்த ஓர் அடிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். வீடு இடியவில்லை, சுவர் சாயவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னார். ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்தில் இறங்கி இப்படி விளையாடாது. ஆகவே, அணில் ஆடுகிறது என்றாலே மனிதர் இல்லை என்று பொருள். வெறுமையைக் காட்டப் புலவர் ஓர் உயிரின் துள்ளலைக் கொண்டுவந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "மனிதர் போய் எத்தனை நாளில் அணில் முற்றத்துக்கு வரும்? பார்த்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அப்படியானால் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறக்காமல் கேட்டார்.

இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வந்த தொடரே பெயராகி, அணிலாடு முன்றிலார் என்று வழங்குகிறோம். செம்புலப்பெயனீரார் அப்படித்தான், தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படித்தான். பட்டமும் பதவியும் ஊரும் பேரும் போய்விட்ட பிறகும், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவரை நினைவில் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. அந்த மொழியில் பிறந்த நாம், நேற்று வரை நம்மோடு இருந்த ஒருவரைப் பொத்தாம்பொதுவான நான்கு அடைமொழிகளால் மூடிவிடுகிறோம்.

உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரை நினைத்த விதத்தைப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் 1871இல் மாணவராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரி 1 அன்று ஆசிரியர் திருவாவடுதுறையில் காலமானார். முழுதாக ஐந்து ஆண்டுகூட இல்லாத பழக்கம். ஆனால் 57 ஆண்டுகள் கழித்து, தமது 78ஆம் வயதில், அந்த ஆசிரியரின் வரலாற்றின் முதல் பாகத்தை 1933இல் வெளியிட்டார். மறு ஆண்டில் இரண்டாம் பாகம் வந்தது. பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிய விதம், அவர் பட்ட பணமுடை எல்லாம் அதில் உண்டு. கடைசி நேரத்தில் தாம் திருவாசகத்து அடைக்கலப் பத்தை வாசித்ததையும், ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவ மாணவர் என்பதையும் அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உ.வே.சா. மறைந்தது 1942இல். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் உருவாகி, அவர் சேர்த்த சுவடிகளுக்கும் நூல்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. எல்லாருடைய அலமாரிக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை.

ஐயாவின் அலமாரியைப் பற்றித்தான் இப்போது சொல்ல வந்தேன். புத்தகங்களை என்ன செய்யலாம் என்று வீட்டார் கேட்டார்கள். ஏதாவது நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றே பலரும் சொல்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் உடனே வேண்டாம் என்பது என் கருத்து. அதே பதிப்பு ஏற்கெனவே இருந்தால் "மிகைப்படி" என்று ஒதுக்கிவிடுவார்கள். அச்சான பக்கம் எங்கும் கிடைக்கும். ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய பாடவேறுபாடுகளும் (ஒரே பாட்டில் சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள்) ஐயங்களும் வேறெங்கும் கிடையாது. நேற்று அவருடைய குறுந்தொகைப் படியைத் திறந்து பார்த்தேன். 41ஆம் பாட்டின் பக்கத்தில் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் குறிப்புகள் இருக்கின்றன. நாற்பது ஆண்டு கற்பித்த பாட்டைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகும் அவர் தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் நான்கு பேர் கூடி அந்த ஓரக் குறிப்புகளைப் படி எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அவரிடம் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் திருத்திய உங்கள் கட்டுரைகள், ஆய்வேட்டு வரைவுகள், உங்களுக்கு எழுதிய கடிதங்கள் எவை இருந்தாலும் ஒளிப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வகுப்பில் அவர் சொன்னது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்தப் பாட்டு என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் கட்டுரையிலேயே பென்சில் எழுத்து பாதி மங்கிவிட்டது. இந்த மாதத்துக்குள் அனுப்பினால் நல்லது.