168 அரியர்

(திருநெல்வேலி. அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்ததான நாள். ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். பந்தி நடக்கும் ஹாலில் இலைக்குப் பதில் கட்டில்கள். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் சுந்தரத்துக்கு வருகிற வியாழக்கிழமை அறுபது முடிகிறது. மாதக் கடைசியில் ஓய்வு. அவரை அழைத்து வந்திருப்பவர் ஆட்டோ ஓட்டும் மைத்துனர் செல்வம்.)

சுந்தரம்: மாப்ளே, இந்த ஃபாரத்தில் ஏழாவது கேள்விக்கு அடுத்து ஒன்பதுதான் இருக்கிறது. எட்டைக் காணோம். இதை நான் எப்படிப் பாஸ் பண்ணுவது?

செல்வம்: அத்தான், நீங்கள் பாஸ் பண்ண வரவில்லை. உங்களைத்தான் அவர்கள் பாஸ் பண்ண வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டுப் போவோம்.

சுந்தரம்: முப்பத்தாறு வருஷம் ஆட்சேபணை எழுதிய கை. சும்மா இருக்காது.

செல்வம்: அதற்குத்தானே இன்றைக்கு ஊசி போடப் போகிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். திடீரென்று ரத்ததானம் எதற்கு?

சுந்தரம்: நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. உலகத்துக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். எத்தனை பில்லைத் திருப்பி அனுப்பினேன் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

செல்வம்: மரக்கன்று நட்டீர்களே?

சுந்தரம்: புங்கன். மறுநாளே ஆடு தின்றுவிட்டது. அப்புறம் இரும்புக் கூண்டு வாங்கி, "உபயம்: சுந்தரம்" என்று போர்டும் மாட்டினேன். கூண்டு இருக்கிறது, போர்டு இருக்கிறது.

செல்வம்: ஆடு?

சுந்தரம்: கூண்டுக்குள் படுத்திருக்கிறது.

செல்வம்: தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது?

சுந்தரம்: ஆறாம் வகுப்புப் பையன் என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தான். அதோடு நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நல்ல சிந்தனை அனுப்பினேன். மூன்று குரூப்பில் வெளியே தள்ளிவிட்டார்கள். உங்கள் அக்காவும் என்னை ம்யூட்டில் போட்டிருக்கிறாள். நேரில் பேசினால்கூட.

செல்வம்: சரி, வியாழக்கிழமை அறுபது தாண்டிவிட்டால் முதல் ரத்தம் வாங்க மாட்டார்கள். இப்போதே ஆரம்பித்துவிட்டால் அறுபத்தைந்து வரைக்கும் கொடுக்கலாம்.

சுந்தரம்: அப்படியா! பணி நீட்டிப்பு மாதிரி.

(எடை பார்க்கிறார்கள். 71 கிலோ. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள்.)

சுந்தரம்: எவ்வளவு இருக்க வேண்டும்?

செல்வம்: குறைந்தது பன்னிரண்டரை. உங்களுக்கு 13.4. ஆட்சேபணை இல்லை.

சுந்தரம்: (பெருமையாக) முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று ஆட்சேபணை இல்லாமல் பாஸ் ஆகிறது. அதுவும் என் ரத்தம். எவ்வளவு எடுப்பார்கள்?

செல்வம்: 55 கிலோவுக்கு மேலே என்றால் 450 மில்லி. அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டில் ஒரு வாய்க் காப்பிக்கான பால் குறைவு, அவ்வளவுதான். உடம்பில் ஐந்து லிட்டர் கிட்ட இருக்கிறதே.

சுந்தரம்: அந்தப் பையில் என் பெயர் எழுதுவார்களா?

செல்வம்: கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற மாதிரியா? நம்பர்தான் அத்தான். யாருக்குப் போகிறது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள், யாருடையது என்று அவர்களுக்கும் சொல்ல மாட்டார்கள்.

சுந்தரம்: ஒருத்தருக்குத்தானே போகும்?

செல்வம்: மூன்று பேருக்குக்கூடப் போகலாம். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்துவிடுவார்கள். சிவப்பணுவை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு வாரம் தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருஷம். பிளேட்லெட்தான் ஐந்து நாள். அதையும் மெஷினில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா வைத்தால் கெட்டுவிடும்.

சுந்தரம்: என்னைப் போலவே. ரிட்டயர் ஆகி சும்மா உட்கார்ந்தால் ஐந்து நாள் தாங்க மாட்டேன்.

செல்வம்: அதற்கு அக்கா இருக்கிறாள். ஆட்டிக்கொண்டே இருப்பாள்.

சுந்தரம்: உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?

செல்வம்: எத்தனை முகாமுக்குச் சவாரி வந்திருக்கிறேன்! ஆளை இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கும்போது ஒரு நோட்டீஸ் விடாமல் படித்துவிடுவேன்.

(சுந்தரத்தைக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். செல்வம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறார்.)

சுந்தரம்: ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறாய்?

செல்வம்: ஃபேன் காற்று இங்கேதான் வருகிறது. அத்தான், நீங்களும் ஊசியைப் பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருத்தர், 1,173 தடவை கொடுத்திருக்கிறார். ஒரு தடவைகூட ஊசி இறங்குவதைப் பார்த்ததில்லையாம். பயம்.

சுந்தரம்: ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்றா? டைப்பிங் மிஸ்டேக்காக இருக்கும்.

செல்வம்: இல்லை அத்தான். பதினான்கு வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன். யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். பதினெட்டு ஆனதும் 1954-இல் ஆரம்பித்தவர், 2018 வரைக்கும், 81 வயது வரைக்கும் கொடுத்தார். முக்கால்வாசி பிளாஸ்மா. அம்மாவின் ரத்த வகை நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் பிள்ளையுடையது பாசிட்டிவ் என்றால் அம்மா உடம்பே பிள்ளையின் ரத்தத்தை எதிரி என்று நினைத்துவிடும். அதைத் தடுக்கிற மருந்து செய்ய இவர் பிளாஸ்மா உதவியது. 24 லட்சம் குழந்தைகள் என்று அங்கே ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

சுந்தரம்: சரி, எப்போது ஊசி போடுவார்கள்?

செல்வம்: போட்டு நாலு நிமிஷம் ஆகிறது. ஹாரிசன் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதே உங்களுக்கு இறக்கிவிட்டார்கள்.

(பை நிறைகிறது. பஞ்சு வைத்துக் கையை மடக்கச் சொல்கிறார்கள்.)

சுந்தரம்: அவ்வளவுதானா?

செல்வம்: அவ்வளவுதான். எழுந்திருக்காதீர்கள், கொஞ்ச நேரம் படுங்கள்.

சுந்தரம்: என்ன மாப்ளே இது! வாழ்க்கையின் அர்த்தம் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மத்தியானம் வரைக்காவது வரும் என்று சாப்பாடே கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்து எப்போது?

செல்வம்: ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி.

சுந்தரம்: (விரல் விட்டு எண்ணி) டிசம்பர் 30. அதுவரை நான் என்ன செய்வது?

செல்வம்: முருங்கைக்கீரை சாப்பிடுங்கள். ஆட்டை வெளியே விடுங்கள்.

(சுந்தரம் ஜூஸ் குடித்துக்கொண்டே பிஸ்கட் கவரின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போடுகிறார். முகம் வாடுகிறது.)

செல்வம்: என்ன அத்தான், தலை சுற்றுகிறதா?

சுந்தரம்: வருஷத்துக்கு நாலு தடவை. பதினெட்டிலிருந்து அறுபது, நாற்பத்திரண்டு வருஷம். 168 தடவை கொடுத்திருக்கலாம், மாப்ளே. இன்றைக்கு ஒன்று போக 167 பாக்கி. இதுவரை என்னிடம் வந்த எந்த ஆபீஸும் இவ்வளவு அரியர் வைத்ததில்லை.

செல்வம்: அதெல்லாம் காலாவதி. விடுங்கள்.

சுந்தரம்: என்னுடையது காலாவதி. (நிமிர்கிறார்.) உனக்கு என்ன வயது?

செல்வம்: ...எதற்கு அத்தான்?

சுந்தரம்: நாற்பத்திரண்டு. தை மாதம்தான் முடிந்தது. இதுவரை எத்தனை தடவை கொடுத்திருக்கிறாய்?

செல்வம்: நான் சவாரிக்காரன் அத்தான். இறக்கிவிடுவதோடு என் வேலை முடிந்தது.

சுந்தரம்: இருபத்துநாலு வருஷம், பெருக்கல் நாலு, தொண்ணூற்றாறு. உன்னுடையது இன்னும் நடப்புக் கணக்கு. ஃபாரத்தை எடு.

செல்வம்: வண்டி வெயிலில் நிற்கிறது.

சுந்தரம்: வேப்பமரத்து நிழலில்தான் நிற்கிறது. வரும்போதே பார்த்தேன்.

செல்வம்: ஃபாரத்தில் எட்டாவது கேள்வி இல்லையே அத்தான். அதை எப்படிப் பாஸ் பண்ணுவீர்கள்?

சுந்தரம்: விசேஷ நேர்வாகக் கருதி அனுமதிக்கிறேன். பேனா இந்தா.

செல்வம்: அத்தான், ஊசி...

சுந்தரம்: ஆஸ்திரேலியாக்காரர் பார்த்ததே இல்லை என்றாயே. நீயும் பார்க்காதே. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள். அங்கேதானே ஃபேன் காற்று வருகிறது?