பழுப்பு பூசினால் பழைய சுவரொட்டி ஆகிவிடுமா?

பழைய பாணியில் வரைந்த பகடிச் சுவரொட்டி என்று பகிரப்படுபவற்றைப் பார்க்கும்போதெல்லாம், மேலே போர்த்தியிருக்கும் அந்தப் பழுப்புக் காகித டெக்ஸ்சரை உரித்துவிட்டால் கீழே என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் மிஞ்சுவது நேற்று செய்த விளம்பரப் பலகைதான். கணக்கில்லாத வண்ணங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரைந்து ஓடும் கிரேடியன்ட், எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலான நிழல் என எல்லாம் இன்றைய சரக்காகவே இருக்கின்றன. மடிப்புக் கோடும் நீர்க்கறையும் கிழிந்த ஓரமும் சேர்ந்து படத்துக்கு எண்பது வயதைக் கூட்டிவிட்டன என்று வடிவமைத்தவர் மட்டும் நம்புகிறார். நானும் சில ஆண்டுகள் அப்படி நம்பியவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

பழைய சுவரொட்டி எதுவும் பழையதாக அச்சாகவில்லை. பசை காயாமல் சுவரில் நின்ற நாளில் அது பளிச்சென்றுதான் இருந்தது. அதன் தோற்றத்தைத் தீர்மானித்தது வயதன்று, அச்சுக்கூடத்தின் சிக்கனம். 1796 வாக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் உருவாக்கத் தொடங்கிய கல்லச்சு முறையில் எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் வரைந்து அச்சிட்டார்கள். வண்ணம் சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும், ஒவ்வொரு கல்லுக்கும் தாள் ஒருமுறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். பாரிஸில் சுவரொட்டி ஓவியர் ஜூல் ஷெரே சில கற்களை மட்டும் கொண்டு, ஒரு மையின் மேல் இன்னொரு மை விழும் இடத்தில் புதிய நிறம் பிறக்கும்படி வரைந்து தெருக்களை நிறைத்தார். 1930களில் அமெரிக்க அரசின் கலைத் திட்டத்தில் உருவான திரை அச்சுச் சுவரொட்டிகளுக்கும் இதே நிபந்தனைதான்: வண்ணத்துக்கு ஒரு திரை. கூடுதல் வண்ணம் என்றால் கூடுதல் வேலை, கூடுதல் செலவு. நாம் இன்று பழைய பாணி என்று ரசிக்கும் தட்டையான பெரிய நிறப்பரப்பும் துணிச்சலான உருவக்கோடும் அந்த நெருக்கடியிலிருந்து வந்தவை.

சென்ற மாதம் நான் வரைந்த சுவரொட்டியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். முறுக்கு மீசைக்காரர் ஒருவர் ஒரு கையில், கணினிக் கோப்புகளை அந்நாளில் சேமித்துவைத்த ஃபிளாப்பி தட்டைப் பிடித்தபடி, மறு கையின் விரலைப் பார்ப்பவரை நோக்கி நீட்டி, கடுமையான முகத்தோடு கேட்கிறார்: "கோப்பைச் சேமித்தீரா?" கீழே சிறிய எழுத்தில், "சேமிக்கவில்லையேல் வருந்துவீர்." இதை வரையும்போது என் கோப்பு தொலைந்துபோனதா என்று பலரும் ஆவலோடு கேட்டுவிட்டார்கள்; தொலையவில்லை. இடையில் வரும் அந்த 'ச்' ஒன்றுதான் என்னை மிரட்டிக்கொண்டே இருந்தது. அதை விட்டுவிட்டால் கோப்பு போய்க் கிண்ணம் வந்துவிடும், மீசைக்காரர் பாத்திரக் கணக்கு கேட்பவராகிவிடுவார்.

விரல் நீட்டும் இந்த உருவமே ஒரு நகலின் நகல். 1914 செப்டம்பரில் 'லண்டன் ஒப்பீனியன்' இதழின் அட்டைக்கு ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு முதலில் விரலை நீட்டினார். அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் வரைந்த, அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம், 1917இல் அமெரிக்கப் படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியாகி நாற்பது லட்சம் படிகளுக்கு மேல் அச்சானார். அந்த முகத்துக்கு ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன். கைப்பேசியை மேசையில் சாய்த்துவைத்து என்னையே கடுகடுப்பாகப் படம் எடுத்துக்கொண்டபோது, மீசை இல்லாத குறை ஒன்றுதான் இருந்தது.

பகடியில் எதையும் அளவோடு மாற்றுவது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். 1939இல் பிரிட்டிஷ் அரசு மேலே ஒரு மகுடமும் கீழே 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' (பதறாமல் வேலையைத் தொடருங்கள்) என்ற வாசகமுமாக சுமார் 24.5 லட்சம் படிகளை அச்சிட்டு, பேராபத்து வந்தால் ஒட்டலாம் என்று பூட்டி வைத்தது. அவற்றுள் மிகச் சிலவே ஒட்டப்பட்டன, பெரும்பகுதி காகிதக் கூழானது. 2000ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் ஆன்விக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு படி கிடைத்த பிறகுதான் உலகம் அதை அறிந்தது. இன்று மூலத்தைவிட அதன் பகடிகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். அவற்றுள் சிரிப்பு வருபவை, மகுடத்தின் இடத்தையும் நடுவில் நிறுத்திய எளிய எழுத்துகளையும் ஒற்றைப் பின்னணி நிறத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றியவை. எழுத்தையும் நிறத்தையும் அமைப்பையும் சேர்த்து மாற்றியவற்றில் எதைப் பகடி செய்கிறார்கள் என்பதே மறந்துவிடுகிறது. சுவரொட்டியில் இருப்பவர் கண்ணடிக்கவோ நாக்கைத் துருத்தவோ கூடாது. அவருக்குத் தாம் நகைச்சுவையில் நடிக்கிறோம் என்பது தெரியவே கூடாது. என் மீசைக்காரருக்குக் கோப்பைச் சேமிப்பது நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் விஷயம்.

வரைவதற்கு கிரிட்டாவையும், எழுத்துகளுக்கு இங்க்ஸ்கேப்பையும் பயன்படுத்தினேன். எந்த மென்பொருளானாலும் வேலை இதேதான். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், ஏ3 தாள், அதாவது 3508க்கு 4961 பிக்சல். கீழே காகித நிறத்தில் ஒரு லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு. அதன் மேல் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருநீலம் என்று மூன்றே லேயர்கள், மூன்றும் மல்டிப்ளை முறையில், அதாவது மேல் நிறம் கீழ் நிறத்தை மறைக்காமல் அதோடு கலந்து அடர்த்தியாகும்படி. ஒரு லேயருக்கு ஒரு நிறம், அதில் வெளிர், அடர் எதுவும் கிடையாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். மூன்று மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஏழு நிறங்கள் கிடைக்கும்; காகிதத்தையும் சேர்த்தால் எட்டு. முகத்துக்கு மஞ்சள், கன்னத்தின் நிழலில் மஞ்சள் மேல் சிவப்பு, மீசையில் மூன்றும் சேர்ந்த கருமை. நிறத்தேர்வுச் சக்கரத்தைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை; எந்தக் கல்லில், அதாவது எந்த லேயரில், எது இருக்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வியாக இருந்தது.

நம்மை நோக்கி நீளும் விரல்தான் நேரத்தையெல்லாம் தின்றது. நேராக நம்மைச் சுட்டும் விரலுக்கு நீளமே கிடையாது. நுனி ஏறக்குறைய ஒரு வட்டம். மேற்புறத்தில் நகம் ஒரு மெல்லிய பிறை. அதற்குப் பின்னால் பாதி மறைந்து முதல் கணு, அதற்கும் பின்னால் மடங்கிய மற்ற விரல்கள். ஒன்றன் பின் ஒன்று மறைவதால்தான் ஆழம் வருகிறது, கோட்டை நீட்டுவதால் அன்று. இதை உணர்வதற்கு முன் நான் வரைந்தவை எல்லாம் சட்டைக் கையிலிருந்து முளைத்த குழாய்களாகவே இருந்தன. கையையும் கருநீல மேலங்கியையும் பிரிக்க, இரண்டுக்கும் நடுவே காகித நிறத்தில் ஒரு மெல்லிய இடைவெளி விட்டதும் கை சட்டென்று முன்னால் வந்து நின்றது.

எழுத்துக்கு வருவோம். தமிழில் பழைய பாணிச் சுவரொட்டி செய்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது; அதற்கு முன் ணா, றா, னா போன்றவையும், யானைத் துதிக்கைபோல வளைந்த ஐகாரக் கொம்பு வைத்த ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை. லகரத்தையும் ஐகாரக் குறியையும்தான் தட்டச்சிட முடியும், வடிவத்தைத் தருவது ஃபான்ட். ஆகவே 'சேமிக்கவில்லையேல்' என்பதிலுள்ள லையைக் கையால் வரைந்தேன். அந்த ஒரு துதிக்கை, பழுப்பு டெக்ஸ்சர் பத்து சேர்ந்தும் செய்ய முடியாத வேலையைச் செய்துவிட்டது.

ஒரு பெரிய தவறும் செய்தேன். கன்னத்தின் நிழலுக்கு ஹாஃப்டோன் புள்ளிகளை, அதாவது அச்சில் வெளிர்வும் அடர்வும் காட்டும் நுண்புள்ளிகளை, போட்டிருந்தேன். பழையது என்றாலே புள்ளி என்ற மூடநம்பிக்கை எனக்கும் உண்டு. முழு அளவில் அழகாகத் தெரிந்த அந்தப் புள்ளிகள், பகிர்வதற்காகப் படத்தைச் சிறிதாக்கியதும் அலை அலையாக நெளிந்து, மீசைக்காரரின் முகத்தில் மீன்வலை போர்த்தியதுபோல ஆகிவிட்டன. திரையில் காட்டும் அளவுக்கென்று புள்ளிகளைப் புதிதாக இட்டால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பகடி செய்யும் காலத்துக் கல்லச்சுச் சுவரொட்டிகளில் நிழலைப் பெரும்பாலும் கையால்தான் உண்டாக்கினார்கள். கல்லின் சொரசொரப்பில் மெழுகுக் கிரேயான் தேய்ந்து விடும் மணிமணியான தடம் ஒரு வழி, தூரிகையிலிருந்து மையைத் தெறிக்கவிடுவது இன்னொரு வழி. தெறிப்பில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் கைதேர்ந்தவர். எனவே புள்ளிகளை நீக்கிவிட்டு, சொரசொரப்பான கிரேயான் பிரஷ்ஷால் சிவப்பு லேயரில் நிழலை மறுபடி தேய்த்தேன்.

வண்ணங்கள் சற்றே விலகி அச்சாகும் பிசகையும் பலர் அளவில்லாமல் வைக்கிறார்கள். 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். நான் சிவப்பை 5 பிக்சல் மட்டும் வலப்புறம் நகர்த்தினேன், அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சிட்ட தாளில் ஃபிளாப்பி தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் இழை எட்டிப்பார்க்கிறது. உற்றுப் பார்ப்பவருக்கு அது போதும்.

காகித டெக்ஸ்சர் லேயர் ஒன்று கோப்பில் இன்னும் இருக்கிறது, அதைக் காட்டும் கண் சின்னம் அணைக்கப்பட்டு, கண்ணில் படாமல். நகத்தின் பிறையில்தான் எனக்குத் திருப்தியில்லை. அதை இந்த வாரம் மீண்டும் வரையப் போகிறேன்.