தற்கொலைத் தடுப்பு பூச்சிமருந்துக் கடையிலிருந்தும் தொடங்க வேண்டும்

ஒரு தற்கொலைச் செய்தி வந்தால் போதும், கீழே கருத்துகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. 'இதுக்கெல்லாமா சாவாங்க', 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு தைரியமே இல்லை', 'வளர்ப்பு சரியில்லை'. இறந்தவரைப் பற்றி இத்தனை பேசுகிற நாம், அவ்வளவு கொடிய விஷம் ஒரு சாதாரண வீட்டில் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்டு, பதிலும் கண்ட ஒரு நாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பெரும்பகுதி கிராமங்களில், பூச்சிமருந்தால். மருத்துவர் ஜெயரத்தினமும் அவரோடு இருந்தவர்களும் 1982லேயே ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார்கள்: ஆண்டுக்கு சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள், அதில் ஏறக்குறைய 1,000 பேர் திரும்புவதில்லை.

பிறகு அங்கே நடந்தது பெரிய புரட்சி எதுவும் இல்லை. பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம் மிகக் கொடிய ரகங்களைக் கடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தது. 1984இல் இரண்டு. 1995இல், உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தானவை என்று வகைப்படுத்தியவற்றில் மிச்சம் இருந்தவை. 1998இல் இன்னொன்று. 2008 முதல் 2011க்குள் மேலும் மூன்று. தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையில் மட்டும் 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு நகரத்தின் மக்கள்தொகை அது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் வேறு. விஷம் குடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் குறையவில்லை. மனிதர்களின் துயரம் அப்படியே இருந்தது. கடன், குடி, வீட்டுச் சண்டை, காதல் எல்லாம் இருந்தன. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

அங்கே பிழைத்தவர்களிடம் பேசிய ஆய்வில், பாதிப் பேருக்கு மேல் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டில் எது இருந்ததோ அதுதான் கைக்கு வந்திருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு முறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. 'சாகணும்னு முடிவு பண்ணினவனை யார் தடுக்க முடியும்?' என்று நம் ஊரில் சொல்வோமே, அது பொய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள்.

நான் டெல்டாக்காரன். எங்கள் பக்கம் பல வீடுகளில் மீந்த மருந்து பாட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரில், ஸ்பிரேயருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அடுத்த போகத்துக்கு ஆகும் என்று வைத்திருப்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, காசு போட்டு வாங்கியது. அரசு மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாக்கள், பிள்ளை பிழைப்பானா என்று கேட்ட கையோடு, 'போலீஸ் கேஸ் ஆயிடுமா சார்?' என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவை இலங்கை 1998லேயே நீக்கிவிட்டது. தண்டனை இல்லை என்ற செய்தி நம் கிராமங்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பயந்து மருத்துவமனைக்குத் தாமதமாக வருகிறார்கள்.

சரி, போர் முடிந்ததால் குறைந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். போர் முடிந்தது 2009இல். விகிதம் இறங்கத் தொடங்கியது 1996இலிருந்தே. வேலையின்மை, மது விற்பனை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தும், தடைகளோடுதான் வீழ்ச்சி ஒத்துப்போனது. விளைச்சல்? நெல் விளைச்சல் இந்தத் தடைகளால் விழவில்லை. உடனே 2021ஐ நினைவுபடுத்துவார்கள். அது வேறு கதை. ரசாயன உரம், மருந்து அத்தனையையும் ஒரே மூச்சில் நிறுத்தி விவசாயியை நடுத்தெருவில் விட்ட இலங்கை அரசின் முடிவு அது, சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. முந்தைய தடைகள் படிப்படியாக வந்தவை. மாற்று மருந்து கடையில் இருந்தது.

பூட்டி வைக்கச் சொன்னால் போதாதா என்றும் கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டார்கள். அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்கள், 53,000 வீடுகளுக்கு மேல். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு: பலன் இருந்ததற்குச் சான்று இல்லை. பூட்டு இருந்தாலும் சாவி வீட்டு ஆளிடம்தானே. நம் காட்டுமன்னார்கோவில் பக்கம் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் செய்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம்: ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டகம், ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவி, ஒன்று விவசாயியிடம், மற்றது பொறுப்பாளரிடம். மருந்து எடுக்க இன்னொரு மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே பலன் தெரிந்தது, ஆனால் அது சில கிராமங்களில் மட்டும் நடந்த முயற்சி.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாட்டில் இரண்டாவது இடம். 2023 தொடக்கத்தில் நம் அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது, வெறும் 60 நாளுக்கு. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் வரை நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை டெல்லி கையில்.

ஆலோசனை மையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனது தாங்காத நேரத்தில் அரசு உதவி எண்கள் 104, 14416, ஸ்நேகாவின் 044-24640050, எதுவானாலும் கூப்பிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. வீட்டில் யாராவது அப்படி இருந்தால் கூடவே இருங்கள், மருந்து பாட்டிலை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நாம் போய் நிற்க முடியாது, சட்டம் நிற்கும். அந்த 60 நாள் வரம்பை எடுத்துவிட்டு, கொடிய ரகங்களை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுங்கள் என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். விவசாய சங்கங்களும், மாற்று மருந்து மானிய விலையில் வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யின் சமூக ஊடகப் பக்கத்தில் இதைப் போய் எழுதுங்கள்.