சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்

கோவையின் மேற்குப் பக்கத்தில், சிறுவாணித் தண்ணீர் வருகிற தெரு ஒன்றில் 22 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வெளியூர் உறவினர்கள் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டுதான் பேருந்து ஏறுவார்கள். அப்படிப்பட்ட வீட்டின் சமையலறைச் சுவரில், தண்ணீரைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றும் இயந்திரம் ஒன்று இப்போது தொங்குகிறது. விலை 1,68,000 ரூபாய். முன்பணம் 20,000 போக, மாதம் 9,100 வீதம் 18 தவணை. கூட்டினால் 1,83,800 வருகிறது. ஏழாவது தவணை பிடிக்கப்பட்டதாக நேற்றுக் காலை குறுஞ்செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விற்க வந்தவர் முன்பின் தெரியாதவராக இருந்திருந்தால் வாசலிலேயே அனுப்பியிருப்பேன். வந்தவர் என் மனைவியின் பெரியப்பா மகன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்து, ஆர்டர் குறைந்த நாட்களில் வேலையை விட்டவர். இரண்டு நாள் முன்பே தொலைபேசியில், "மாமா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாரேனுங்க, அக்காவையும் வூட்லயே இருக்கச் சொல்லுங்க" என்றார். அக்கா எதற்கு இருக்க வேண்டும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே தப்பிக்கும் வழியை அடைப்பதற்குத்தான் அந்த அழைப்பு என்பது ஆறு தவணை கட்டிய பிறகே விளங்கியது.

நான்கு மணிக்கு வந்தார்கள். கூடவே கோட்டு அணிந்த ஒருவர். மாப்பிள்ளை அவரை 'சார்' என்றே அழைத்தார். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் கடைப் பாட்டில் தண்ணீர், எங்கள் குழாய்த் தண்ணீர், அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் ஆகியவற்றை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார் அந்த சார். முதலாவது மஞ்சளானது, இரண்டாவது பச்சையானது, மூன்றாவது நாவற்பழ நிறத்துக்கு மாறியது. பிறகு புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, அந்தப் பழுப்பு நிறம் அவர்களுடைய தண்ணீர் பட்டதும் மறைவதைக் காட்டி, "உங்க உடம்புக்குள்ள இருக்கற நச்சும் இப்பிடித்தான் போகும்" என்றார். எழுபத்தாறு வயதான என் அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான விற்பனை. அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கு மாதம் எவ்வளவு, மூட்டுவலித் தைலத்துக்கு எவ்வளவு, கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது எவ்வளவு ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவற்றை ஒரு தாளில் என் கையாலேயே எழுதச் சொன்னார். இந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை நோயே தீரும், இந்தச் செலவெல்லாம் இருக்காது என்று சொல்லி, பத்து ஆண்டுகளுக்குப் பெருக்கச் சொன்னார். தொகை இயந்திரத்தின் விலையைப் போல மூன்று மடங்கு வந்தது. அதைப் பார்த்த பின் அவர் எதுவுமே பேசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுதிய கணக்கு என் முன்னாலேயே கிடக்க, என் அப்பாவும் எதிரில் உட்கார்ந்திருக்க, "இவ்வளவு செலவு வேண்டாம்" என்று எந்த வாயால் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, இந்த விலை இரவு 12 மணி வரைதான், காலையில் 22,000 ரூபாய் ஏறிவிடும் என்றார். மாப்பிள்ளை தன் பங்குக்கு, இந்த மாதம் இன்னும் ஒன்று விற்றால், விற்ற எண்ணிக்கையை வைத்து நிறுவனம் தரும் படிகளில் தனக்கு அடுத்த நிலை கிடைத்துவிடும் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தார். இடையில் அம்மா காப்பி போட்டார். எட்டரை மணிக்குத் தோசை வார்த்தார். ஒன்பதரைக்கு என் தொலைபேசியில் வந்த ஓடிபி எண்ணை நானே வாய்விட்டுப் படித்துச் சொன்னேன்.

ஐந்தரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லாம் 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்ற நம் ஊர் மரியாதையில்தான் நடந்தது. வீட்டுக்கு வந்தவரை எழுந்து போகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் "எனக்கு வேண்டாமுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கமும் இல்லை. இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொண்டு வகுக்கப்பட்ட விற்பனை இது. சொந்தக்காரரை முன்னால் அனுப்புவதன் காரணமும் அதுவே என்பது என் கருத்து.

மறுநாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: "ஏன் கண்ணு, மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்காதா? ஆரத்தி கரைக்கறதுதான அது." ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, காரம் பட்டால் நிறம் மாறும் என்பதை யாரும் சொட்டுமருந்து விட்டுக் காட்ட வேண்டியதில்லை. நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "வந்தவங்க முன்னால எப்படிச் சாமி சொல்றது" என்றார். அயோடினின் நிறம் போவதிலும் அதிசயம் இல்லை. அடுத்த வாரம் அதே மருந்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்த்தேன். அதிலுள்ள வைட்டமின் சி நிறத்தை அப்படியே எடுத்துவிட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தின் விலையைச் சொல்லி இன்னும் வயிற்றெரிச்சலைக் கூட்டிக்கொள்ள விரும்பவில்லை.

பொருத்த வந்த ஊழியர் நல்ல மனிதர். குழாயை இணைத்து, அதே சொட்டுமருந்தை விட்டுப் பார்த்தார். நாவற்பழ நிறம் வரவே இல்லை, லேசான நீலத்தோடு நின்றுவிட்டது. இந்த இயந்திரங்கள் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தி வேலை செய்பவை. மின்சாரம் பாய்வதற்குத் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருக்க வேண்டும். "உங்க தண்ணியில உப்பு பத்தலீங்க சார், அதான்" என்று அவர் சங்கடத்தோடு சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தண்ணீர் நன்றாக இருப்பதால் இயந்திரம் வேலை செய்யவில்லை! குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், அதாவது ஐ.எஸ். 10500, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவு 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. நிறம் வந்திருந்தால் தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும் என்பதையும் பிறகுதான் படித்தேன். நாம் எதைக் குடித்தாலும் இரைப்பையில் அமிலம் காத்திருக்கிறது, இரத்தத்தின் பி.ஹெச்.சை 7.35க்கும் 7.45க்கும் இடையில் வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும்தான். பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான் இது. அன்று மாலை அது நினைவுக்கு வரவில்லை.

திருப்பிக் கொடுக்க முயன்றேன். பொருத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது நிறுவனம். இப்படிக் கடையில்லாமல் ஆட்கள் மூலம் விற்கும் நேரடி விற்பனைக்கென்று 2021இல் வந்த விதிகளின்படி, பொருளைத் திருப்பித் தருவது, பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றிய விவரங்களை விற்பவர் வாங்குபவரிடம் சரியாகவும் முழுமையாகவும் தெரிவிக்க வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னதற்கு எந்தத் தாளைக் காட்டுவேன்? ரசீதில் இயந்திரத்தின் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். இயந்திரத்தில் பழுது இல்லை, அந்த இடத்துத் தண்ணீரின் தன்மை அப்படி என்று நிறுவனம் பதில் கொடுத்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் அந்த மனுவில் நடந்ததை எழுதினால் மாப்பிள்ளையின் பெயரையும் எழுத வேண்டும். தை மாதம் என் மைத்துனி மகளின் கல்யாணம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அப்பாரு, அதாவது தாத்தா, அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்தவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசும்போது அங்கேயும் அவசரப்படுத்தல் இருந்தது, பொய் இருந்தது. சுழி சரியில்லாத காளையை அவர் தலையில் கட்டியவர்களும் உண்டு. ஆனாலும் அச்சாரம் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு சந்தையிலேயே படுத்து, விடிந்ததும் மாட்டை இன்னொரு முறை நடக்கவிட்டுப் பார்ப்பாராம். எனக்கு அந்த ஓர் இரவு கிடைக்கவில்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வாங்கியவருக்கு, படித்துப் பார்த்துத் திருப்பித் தர 30 நாள் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் வீட்டுக்கு வந்து விற்ற பொருளை, காரணமே சொல்லாமல், 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கூடத்தில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் விற்பவர்களுக்கு நம் நாட்டிலும் அப்படி ஒரு கெடுவைக் கட்டாயமாக்க வேண்டும். பதினான்கு நாள்கூட வேண்டாம். எனக்கு மறுநாள் காலை, அம்மா பாத்திரம் கழுவும் நேரம் வரை இருந்திருந்தால் போதும்.

போன வாரம் பெருந்துறையில் ஒரு வளைகாப்பில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முதலில் பந்தியின் மறுபக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்: "மாமா, உங்க ஆபீஸ்ல யாராச்சும் பாதி வெலைக்கு வாங்குவாங்களா? அந்த நெலையக் காப்பாத்த நானே ரெண்டு எடுத்துட்டேனுங்க. பெட்டியக்கூடப் பிரிக்கல."