மேட்டில் அணையும் பழைய கார்: கார்புரேட்டர் மட்டுமே காரணமல்ல

"பழைய கார் மேடேறும்போது இன்ஜின் அணைந்தால் கார்புரேட்டர் போய்விட்டது, உடனே மாற்றுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது சரியல்ல. (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்தான் கார்புரேட்டர்.)

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, சீராக ஓடி, பாரம் ஏறியதும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை, அல்லது தீப்பொறி வலுவாக இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சூட்டில் சோர்ந்துபோகும் காயில் (அந்த வோல்டேஜைத் தருவது), பழுதான கண்டென்சர் (காயிலுக்குத் துணையான சிறு மின்பாகம்) எல்லாம் இங்கேதான் காலை வாரும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், தீப்பொறி நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸோடு சேர்ந்து அசையும் சின்ன ஒயர் உறைக்குள் அறுந்திருந்தாலும் இதே கதைதான். வெளியே தெரியாது, பலரை அலைக்கழிப்பது இதுதான்.

பெட்ரோல் பக்கம் ஃபில்டர், பம்ப், அப்புறம் டேங்க் மூடியின் காற்றுத் துளை. வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், பிறகு ஒழுங்காக ஓடினால் துளைதான் அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை!

கார்புரேட்டரிலும் கோளாறு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசியில் பாருங்கள். பம்ப் அழுத்தம், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி ஆகியவற்றின் சரியான அளவுகள் உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.